'வில்' போட்டால் மட்டும் போதுமா? ஆங்கில வினையை எதிர்காலத்தில் சொல்லும் முறை

எழுதுவேன், எழுதுவாய், எழுதுவாள், எழுதுவார்கள். தமிழில் வினைச்சொல்லே காலத்தையும் ஆளையும் சேர்த்துக் காட்டிவிடும். ஆங்கில வினைக்கு அந்த வசதி கிடையாது. எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்' என்ற வினைக்கு மொத்தமே ஐந்து வடிவங்கள்: ரைட், ரைட்ஸ், ரோட், ரிட்டன், ரைட்டிங். இவற்றில் நிகழ்காலத்துக்கு வடிவம் உண்டு, இறந்தகாலத்துக்கும் உண்டு. எதிர்காலத்துக்கென்று ஒன்றுகூட இல்லை. அந்த வேலையைத் துணைவினைகள்தான் செய்கின்றன.

அதனால் ஆங்கிலத்தில் எதிர்காலம் பேச இரண்டு திறமைகள் வேண்டும். ஒன்று, துணைவினைகளைச் சரியான வரிசையில் அடுக்குவது. இது ஓரிரு நாளில் பிடிபடும். மற்றொன்று, எந்த இடத்தில் எந்த அமைப்பு பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பது. தமிழர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். தமிழில் 'வேன்' என்று முடிந்தால் ஆங்கிலத்தில் 'வில்' என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்குப் பாதி இடங்களில் பொய்த்துப்போகும்.

கீழே ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

முதல் படி: 'வில்' + வினையின் முதல் வடிவம்

எழுவாய், அடுத்து 'வில்', அதற்கடுத்து வினையின் முதல் வடிவம். 'ஐ வில் ரைட்.' 'ஷி வில் ரைட்.' 'தே வில் ரைட்.' எழுவாய் எதுவானாலும் எதுவும் மாறாது. நிகழ்காலத்தில் 'ஷி ரைட்ஸ்' என்று படர்க்கை ஒருமைக்கு ஒட்டும் அந்த 'ஸ்' இங்கே வரவே வராது.

எதிர்மறைக்கு 'வில்' என்பதற்கு அடுத்து 'நாட்' சேர்க்க வேண்டும்: 'ஷி வில் நாட் ரைட்.' கேள்விக்கு 'வில்' எழுவாய்க்கு முன்னால் போகும்: 'வில் ஷி ரைட்?' எப்போது, எங்கே போன்ற கேள்விச்சொல் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும்: 'வென் வில் ஷி ரைட்?' இந்தக் கேள்விகளில் 'டூ', 'டஸ்' எதற்கும் இடமில்லை.

இவ்வளவு எளிய அமைப்பிலும் நான்கு பிழைகள் ஓயாமல் வரும். 'ஷி வில் ரைட்ஸ்', 'ஷி வில் டு ரைட்', 'ஷி வில் ரைட்டிங்', 'ஷி வில் ரோட்'. நான்குக்கும் காரணம் ஒன்றே: 'வில்' என்பதற்கு அடுத்து வரும் சொல் முதல் வடிவத்தில், எந்த ஒட்டும் இல்லாமல் நிற்க வேண்டும் என்பதை மறப்பது. 'வில்' அருகே இன்னொரு 'கேன்', 'மஸ்ட்' போன்ற துணைவினையும் சேராது. 'என்னால் வர முடியும்' என்பதை எதிர்காலத்துக்குக் கொண்டுபோக 'ஐ வில் கேன் கம்' என்று சொல்ல முடியாது. 'ஐ வில் பி ஏபிள் டு கம்' என்று சொல்ல வேண்டும். 'போயாக வேண்டியிருக்கும்' என்பதற்கு 'ஐ வில் ஹேவ் டு கோ.'

பேச்சில் 'ஐ வில்' என்று பெரும்பாலும் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. ஐல், யூல், ஹீல், ஷீல், வீல், தேல் என்று ஒட்டிப்போகும். அந்தக் கடைசி 'ல்' மெல்லியதுதான், ஆனாலும் நாக்கு மேலண்ணத்தைத் தொட வேண்டும். அதை விழுங்கிவிட்டால் 'ஐ கம் டுமாரோ' என்று ஆகி, வாக்கியமே குலைந்துவிடும். ஒரு வரம்பும் உண்டு: குறும்பதிலின் முடிவில் இப்படிச் சுருக்கக் கூடாது. 'யெஸ், ஐ வில்' என்றுதான் சொல்ல வேண்டும். 'யெஸ், ஐல்' என்று நிறுத்தக் கூடாது.

'வில் நாட்' சுருங்கினால் 'வோன்ட்'. இதை நம்மவர்கள் 'வான்ட்' என்று சொல்லிவிடுவது மிகச் சாதாரணம். பொருளோ நேர் எதிராகிவிடும். 'ஐ வோன்ட் கோ' என்றால் போகமாட்டேன். 'ஐ வான்ட் டு கோ' என்றால் போக விரும்புகிறேன். 'வோன்ட்' சொல்லும்போது உதடு நன்றாகக் குவிந்து 'ஓ' ஒலி நீள வேண்டும். இரண்டு வாக்கியங்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகினால் காதும் வாயும் ஒன்றாகத் தெளியும்.

'ஷல்' என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். தன்மையிடத்துக்கு, அதாவது 'ஐ', 'வி' இரண்டுக்கும், 'ஷல்' தான் போட வேண்டும் என்று பழைய இலக்கண நூல்கள் சொல்லும். இன்றைய பேச்சில் அது அருகிவிட்டது. 'ஐ வில்', 'வி வில்' என்பதே எங்கும் வழக்கம். உயிரோடு இருப்பது கேள்வியில் வரும் 'ஷல்' தான். 'ஷல் ஐ ஓபன் த விண்டோ?' என்றால் 'ஜன்னலைத் திறக்கட்டுமா?' 'ஷல் வி கோ?' என்றால் 'போகலாமா?' தமிழின் 'ட்டுமா', 'லாமா' வரும் இடங்களில் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஒப்பந்தங்களிலும் சட்ட ஆவணங்களிலும் வரும் 'ஷல்' எதிர்காலத்தைவிடக் கட்டாயத்தையே குறிக்கும்.

இரண்டாம் படி: 'கோயிங் டு'

இந்த அமைப்பு தமிழருக்குக் கையில் கிடைத்த வரம். 'எழுதப் போகிறேன்' என்று நாம் சொல்வதும், 'ஐ ஆம் கோயிங் டு ரைட்' என்று ஆங்கிலம் சொல்வதும் கட்டமைப்பில் ஒன்றே. இரண்டு மொழியும் 'போ' என்ற வினையை எடுத்து எதிர்காலத்துக்குப் பயன்படுத்துகின்றன. 'மழை பெய்யப் போகிறது' என்பது 'இட் இஸ் கோயிங் டு ரெய்ன்'. நடந்து போவதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'போகப் போகிறேன்' என்று தமிழில் சொல்வதுபோல 'ஐ ஆம் கோயிங் டு கோ' என்பதும் சரியே.

அமைப்பு: எழுவாய், அதற்கேற்ற 'ஆம்' அல்லது 'இஸ்' அல்லது 'ஆர்', பிறகு 'கோயிங் டு', பிறகு வினையின் முதல் வடிவம். இங்கே எழுவாய்க்குத் தக்கபடி மாறுவது அந்த முதல் துணைவினை மட்டுமே. எதிர்மறையும் கேள்வியும் அதைச் சுற்றியே நடக்கும்: 'ஷி இஸ் நாட் கோயிங் டு ரைட்', 'இஸ் ஷி கோயிங் டு ரைட்?' அவசரத்தில் 'ஐ கோயிங் டு ரைட்' என்று 'ஆம்' விழுந்துபோவதுதான் முதன்மையான பிழை. எண்ணத்தைத் தமிழில் ஓடவிட்டால் இது நடக்கும். தமிழ் வாக்கியத்தில் 'ஆம்', 'இஸ்' போன்ற ஒன்று இல்லையே.

பேச்சில் 'கோயிங் டு' உருகி 'கன்னா' ஆகும். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், எழுத்தில் தவிர்த்துவிடுங்கள். வினைக்கு முன்னால்தான் அது வரும், இடப்பெயருக்கு முன்னால் வராது. 'ஐ ஆம் கன்னா ஸ்லீப்' சரி. 'ஐ ஆம் கன்னா ஸ்கூல்' தவறு.

'வில்' எங்கே, 'கோயிங் டு' எங்கே?

முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ஏற்கெனவே எண்ணிவைத்திருந்ததைச் சொன்னால் 'கோயிங் டு'. பேசும் அந்தக் கணத்தில் முடிவெடுத்தால் 'வில்'. தொலைபேசி அடிக்கிறது, 'இருங்க, நான் எடுக்கிறேன்' என்கிறீர்கள். ஆங்கிலத்தில் அது 'ஐல் கெட் இட்'. கவனியுங்கள், தமிழில் நாம் சொன்னது நிகழ்கால வடிவம். 'நான் பார்த்துக்கொள்கிறேன்', 'அப்புறம் கூப்பிடுகிறேன்', 'நாளைக்குத் தருகிறேன்' என்று வாக்குக் கொடுக்கும்போதும் உதவ முன்வரும்போதும் நாம் நிகழ்காலத்தையே எடுக்கிறோம். அதை அப்படியே மாற்றி 'ஐ கிவ் டுமாரோ' என்றால் ஆங்கிலம் ஏற்காது. இந்த இடங்கள் எல்லாம் 'ஐல்' வரும் இடங்கள்.

வரப்போவதைக் கணிக்கும்போது கண்முன் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கருமேகம் திரண்டிருக்கிறது, பெட்டி மேசை விளிம்பில் சாய்ந்து நிற்கிறது. அப்போது 'கோயிங் டு'. வெறும் கருத்தோ நம்பிக்கையோ என்றால் 'வில்', பெரும்பாலும் 'ஐ திங்க்', 'ப்ராபப்ளி' போன்ற சொற்களோடு: 'ஐ திங்க் ஷி வில் வின்.' இரண்டும் ஒன்றன் இடத்தில் ஒன்று வந்தாலும் தவறாகாத வாக்கியங்கள் நிறைய உண்டு. அதை நினைத்துக் கவலைப்பட்டுப் பேச்சை நிறுத்திவிட வேண்டாம்.

'மாட்டேன்' என்று மறுப்பது 'வோன்ட்'. மனிதருக்கு மட்டுமல்ல, அடம்பிடிக்கும் பொருளுக்கும் இதே சொல்தான். 'கதவு திறக்கமாட்டேன் என்கிறது' என்று நாம் சொல்வதை ஆங்கிலமும் 'த டோர் வோன்ட் ஓபன்' என்றே சொல்லும். இது இப்போது நடக்கும் மறுப்பு. எதிர்காலம் இதில் இல்லை.

தமிழின் எதிர்காலம் எல்லாம் ஆங்கிலத்தின் எதிர்காலம் அல்ல

பிழைகளின் ஊற்று இது. தமிழின் எதிர்கால வடிவம் நாளை நடப்பதை மட்டும் சொல்வதில்லை. வழக்கத்தையும் இயற்கை உண்மையையும் அதுவே சொல்கிறது. 'தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன்' என்பது வழக்கம். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு எளிய நிகழ்காலம்: 'ஐ கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே.' இதை 'ஐ வில் கெட் அப்' என்று சொன்னால், இனிமேல் எழுவதாகச் சபதம் செய்கிறீர்கள் என்றே கேட்பவர் புரிந்துகொள்வார். 'தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்' என்பதும் அப்படியே: 'வாட்டர் பாய்ல்ஸ்'. 'சின்ன வயதில் மரம் ஏறுவேன்' என்று கடந்தகாலப் பழக்கத்தைச் சொன்னால் 'ஐ யூஸ்ட் டு க்ளைம்ப் ட்ரீஸ்'.

தெரியும், பிடிக்கும், புரியும் ஆகியவையும் வடிவத்தில் எதிர்காலமே. ஆனால் 'எனக்குத் தெரியும்' என்பதை 'ஐ நோ' என்று நீங்கள் சரியாகவே சொல்லிவருகிறீர்கள். அந்தப் பழக்கத்தை மற்ற வினைகளுக்கும் நீட்டினால் போதும். சொல்லப்போகும் செய்தி இனி ஒருமுறை நடக்கப்போவதா, எப்போதும் நடப்பதா? எப்போதும் நடப்பது என்றால் 'வில்' வேண்டாம்.

மூன்றாம் படி: நிகழ்கால வடிவத்தில் எதிர்காலம்

நேரம் குறித்து, பிறரோடு பேசி உறுதிசெய்த ஏற்பாட்டுக்குத் தொடர் நிகழ்காலம்: 'ஐ ஆம் மீட்டிங் த டாக்டர் ஆன் மன்டே.' நாள் அல்லது நேரம் வாக்கியத்திலோ பேச்சின் சூழலிலோ இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இப்போதே சந்தித்துக்கொண்டிருப்பதாகப் பொருள்படும். மனிதர் ஏற்பாடு செய்யக்கூடியதற்கு மட்டுமே இது பொருந்தும். நாளைக்கு மழை பெய்யும் என்பதற்கு 'இட் இஸ் ரெய்னிங் டுமாரோ' என்று சொல்ல முடியாது, மழையோடு யாரும் நாள் குறித்துக்கொள்வதில்லை.

கால அட்டவணைப்படி நடப்பதற்கு எளிய நிகழ்காலம்: 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்.' ரயில், விமானம், வகுப்பு, தேர்வு, அலுவலக நேரம் ஆகியவற்றோடு நின்றுவிடுங்கள்.

நான்காம் படி: நீண்ட அமைப்புகள்

'வில்', 'ஹேவ்', 'பி', பிறகு முதன்மை வினை. இந்த வரிசை ஒருபோதும் மாறாது. எல்லாம் எல்லா வாக்கியத்திலும் வர வேண்டியதில்லை. வருபவை இந்த வரிசையில் வர வேண்டும். ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்து நிற்பதன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. 'வில்' என்பதற்கு அடுத்து முதல் வடிவம். 'ஹேவ்' என்பதற்கு அடுத்து மூன்றாம் வடிவம், அதாவது ரைட், ரோட், ரிட்டன் என்று சொல்லும்போது மூன்றாவதாக வரும் 'ரிட்டன்'. 'பி' என்பதற்கு அடுத்து ஐஎன்ஜி வடிவம். இந்த மூன்று விதிகளை மனத்தில் பதித்துக்கொண்டால் அட்டவணைகளை உருப்போட வேண்டியதே இல்லை.

'வில்', 'பி' இரண்டை மட்டும் எடுங்கள்: 'ஐ வில் பி ரைட்டிங்.' எழுதிக்கொண்டிருப்பேன். 'வில்', 'ஹேவ்' மட்டும்: 'ஐ வில் ஹேவ் ரிட்டன்.' எழுதியிருப்பேன், எழுதி முடித்திருப்பேன். மூன்றும் சேர்ந்தால் நடுவில் நிற்கும் 'பி' தனக்கு முன்னால் உள்ள 'ஹேவ்' சொற்படி மூன்றாம் வடிவம் எடுத்து 'பீன்' ஆகிறது. அடுத்து வரும் வினை 'பீன்' சொற்படி ஐஎன்ஜி எடுக்கிறது: 'ஐ வில் ஹேவ் பீன் ரைட்டிங்.' செயப்பாட்டுவினைக்கும் இதே வழி, 'பி' என்பதற்கு அடுத்து மூன்றாம் வடிவம் வரும் என்பது மட்டுமே வேறுபாடு: 'த லெட்டர் வில் பி ரிட்டன்', கடிதம் எழுதப்படும்.

'ஷி வில் ஹேஸ் ரிட்டன்' என்ற பிழை ஏன் வருகிறது என்று இப்போது புரியும். எழுவாய் 'ஷி' என்பதால் 'ஹேஸ்' போடத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு முன்னால் 'வில்' நிற்கிறது. அது முதல் வடிவத்தைத்தான் கேட்கும். ஆகவே எப்போதும் 'ஹேவ்'.

பொருளுக்கு வருவோம். 'எழுதிக்கொண்டிருப்பேன்' அமைப்பு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் செயல் நடுவழியில் இருக்கும் என்று காட்டுகிறது: 'அட் டென் டுமாரோ, ஐ வில் பி ட்ராவலிங்.' இதற்கு இன்னொரு நயமான பயனும் உண்டு. 'வில் யூ யூஸ் த கார் டுநைட்?' என்றால் வேண்டுகோள்போலவோ வற்புறுத்தல்போலவோ ஒலிக்கலாம். 'வில் யூ பி யூசிங் த கார் டுநைட்?' என்றால் எதிராளியின் திட்டத்தைப் பணிவாக விசாரிப்பதாக இருக்கும். அறிதல், நம்புதல் போன்ற நிலை குறிக்கும் வினைகள் இதில் வராது. 'ஐ வில் பி நோயிங்' என்று ஆங்கிலத்தில் இல்லை.

'எழுதி முடித்திருப்பேன்' அமைப்புக்கு ஒரு கெடு வேண்டும். அதைக் காட்டுவது 'பை' என்ற சொல்: 'பை ஃப்ரைடே, ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் த வொர்க்.' வெள்ளிக்கிழமைக்குள். இங்கே 'டில்' போட்டுவிடாதீர்கள். 'டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை வேலை நீடிக்கிறது என்று பொருள்.

தமிழில் 'வந்திருப்பேன்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலைகள். 'ஆறு மணிக்குள் வந்திருப்பேன்' என்றால் 'ஐ வில் ஹேவ் கம் பை சிக்ஸ்'. 'நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்' என்றால் நடக்காமல் போனது. அங்கே 'ஐ வுட் ஹேவ் கம்' என்று 'வுட்' வர வேண்டும். 'இருந்தால்' என்ற சொல் முன்னால் வருகிறதா என்று பாருங்கள். ஊகத்தில் மட்டும் இரு மொழியும் கைகோக்கின்றன: 'அவர் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்' என்பது ஆங்கிலத்திலும் 'ஹி வில் ஹேவ் அரைவ்ட் பை நவ்' தான்.

'ஹேவ் பீன்' சேர்ந்த நீண்ட அமைப்பு அரிது. எதிர்காலத்தில் ஒரு நாளில் நின்று, அதுவரை ஓடிய கால அளவைச் சொல்ல மட்டும் அது தேவைப்படும்: 'நெக்ஸ்ட் ஜூன், ஷி வில் ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.' படித்துப் புரிந்தால் இப்போதைக்குப் போதும்.

ஐந்தாம் படி: 'வில்' நுழையக் கூடாத இடம்

'ஹி கம்ஸ்' என்பதைப் போட வேண்டிய இடத்தில் 'ஹி வில் கம்' என்று போடும் பிழை, தேர்ந்தவர்களிடமும் தங்கிவிடும். வென், இஃப், பிஃபோர், ஆஃப்டர், டில், ஆஸ் சூன் ஆஸ் ஆகியவை காலத்தையோ நிபந்தனையையோ சொல்லும் துணைவாக்கியத்தைத் தொடங்கினால், அதற்குள் எளிய நிகழ்காலம்தான் வரும். 'வில்' முதன்மை வாக்கியத்தில் மட்டும்: 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.'

தமிழில் 'வரும்போது', 'வரும்வரை', 'வருவதற்கு முன்' என்று எதிர்கால உருவே உள்ளே இருப்பதால் 'வென் ஹி வில் கம்' என்று சொல்லத் தோன்றுகிறது. 'வந்ததும்', 'வந்த பிறகு' என்பவற்றில் இறந்தகால உரு இருப்பதால் சிலர் 'ஆஃப்டர் ஹி கேம்' என்று சொல்லிவிடுகிறார்கள். நாளை நடக்கப்போவது என்றால் இரண்டும் தவறு. எல்லாவற்றுக்கும் 'கம்ஸ்' ஒன்றே.

ஆனால் 'டூ யூ நோ வென் ஹி வில் கம்?' என்பது சரியான ஆங்கிலம். இங்கே 'வென்' இருந்தும் 'வில்' எப்படி வந்தது? வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'வரும்போது', 'வந்தால்', 'வந்ததும்' என்று வந்தால் 'வில்' கூடாது. 'எப்போது வருவார் என்று', 'வருவாரா என்று' என வந்தால் 'வில்' வரலாம். 'எப்போது வருவார் என்று தெரியுமா?' என்பது உள்ளே ஒரு கேள்வியைப் பொதிந்த வாக்கியம். அதனால் எதிர்காலம் தன் வடிவத்தோடு நிற்கிறது. 'இஃப்' என்பதற்கும் இதே சோதனை: 'வந்தால் சொல்வேன்' என்பது 'இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்', 'வருவாரா என்று தெரியவில்லை' என்பது 'ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்'. உள்கேள்வியில் எழுவாய்தான் முதலில், 'வில்' அடுத்து, என்பதையும் கவனியுங்கள். 'டூ யூ நோ வென் வில் ஹி கம்?' என்பது பலர் செய்யும் பிழை.

நேற்றுச் சொன்ன எதிர்காலம்

'வருவேன் என்று சொன்னார்.' சொன்னது நேற்று என்பதால் 'வில்' ஒரு படி பின்வாங்கி 'வுட்' ஆகும்: 'ஹி செட் ஹி வுட் கம்.' எண்ணியும் நடக்காமல் போனதற்கு 'கோயிங் டு' அமைப்பின் முதல் துணைவினையை மட்டும் இறந்தகாலத்துக்கு மாற்றினால் போதும். 'உங்களைக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன்' என்பதற்கு 'ஐ வாஸ் கோயிங் டு கால் யூ.'

பழகும் முறை

ஒரு நாளைக்கு ஒரு வினை போதும். அதன் முதல் வடிவம், மூன்றாம் வடிவம், ஐஎன்ஜி வடிவம் மூன்றையும் முதலில் எழுதுங்கள். ஐஎன்ஜி சேர்க்கும்போது எழுத்துக்கூட்டல் மாறும் வினைகள் உண்டு. 'ரைட்' தன் கடைசி 'ஈ' எழுத்தை இழக்கும், 'ரன்' தன் கடைசி 'என்' எழுத்தை இரட்டிக்கும். பிறகு 'வில்', 'கோயிங் டு', 'வில் பி', 'வில் ஹேவ்' நான்கிலும் அந்த வினையை வைத்து உடன்பாடு, எதிர்மறை, கேள்வி என்று மும்மூன்று வாக்கியம். பன்னிரண்டு ஆகிறது. எழுதிய பின் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி, உங்கள் நாளைய வேலைகளில் எதற்கு அது உண்மையாகப் பொருந்துகிறது என்று தேடுங்கள். பொருந்தாத வாக்கியத்தை அடித்துவிட்டு, பொருந்தும்படி நேரத்தையோ கெடுவையோ சேர்த்து மீண்டும் எழுதுங்கள். 'வில் ஹேவ்' வாக்கியங்களில் 'பை' விடுபட்டிருப்பதை பெரும்பாலும் அப்போதுதான் கண்டுபிடிப்பீர்கள்.